ஐந்து நாளில் புதிதாகும் இடம்

ஆண்டர்சன்பேட்டை
9 ஜூன் 2024

சரத்,

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. எங்கள் வீட்டில் போன் பேசுவது கடைத்தெருவில் பேசுவது மாதிரி. நான் ஹலோ சொல்வதற்குள் அத்தை டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். என் வயிற்றைப் பற்றி நான் ஊருக்குச் சொல்ல விரும்பவில்லை. பக்கத்து வீட்டு பாபு அண்ணன் தினமும் காலை ரயிலில் பெங்களூர் போகிறார். அவர் ஆபீஸ் உன் லேபுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறதாம். கவரை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன முறை போனில் நீ சொன்ன கடைசி வார்த்தை "பொய் சொல்லாதக்கா." அதற்குமேல் நானும் எடுக்கவில்லை, நீயும் கூப்பிடவில்லை. ஆறு வாரம் ஆகிறது.

அன்று பங்காருபேட்டை ஸ்டேஷனில் நீ பார்த்தபோது என் கையில் இருந்தது முட்டை பப்ஸ்தான். ரகுவுக்கு வாங்கினேன், புருஷனுக்கு பப்ஸ் வாங்குவது குற்றமா? அவர் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். நீ பார்த்தது எண்ணெய் ஊறிய பொட்டலத்தையும் என்னையும்தான். போன நவம்பரில் டாக்டர் சீலியாக் என்று சொன்ன நாளிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதையும் நான் தொடவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் குறையவே இல்லை. எடை நாற்பத்தொன்று. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அப்போதும் குடல் ஆறாமல் இருந்தால், இது கோதுமையை நிறுத்தியும் அடங்காத வகை என்று வைத்துக்கொண்டு பெரிய மாத்திரைகளைத் தொடங்குவார்களாம். அந்த மாத்திரைகள் என்னென்ன செய்யும் என்று படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

"குடல் பொய் சொல்லாதுக்கா" என்றும் சொன்னாய். எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ தினமும் பார்ப்பது அதைத்தானே. எழுது. கோபம் இருந்தால் அதையும் எழுது.

நளினி


பெங்களூர்
16 ஜூன்

அக்கா,

சிரிக்கல. பாபு அண்ணன் கவரைக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி நீ பார்த்துக்கொள்.

நீ கேட்டது. சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பான குழாய் இல்லை. துண்டைத் தண்ணீரில் போட்டால் நூல் நூலாக எழும்பி நிற்குமே, அப்படிக் கோடிக்கணக்கான விரல்கள். சாப்பாட்டை வாங்கிக்கொள்வது அந்த விரல்கள்தான். ஒவ்வொரு விரலைச் சுற்றியும் அடியில் சின்னச் சின்னக் குழிகள். நான் அதைச் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் என்றுதான் நினைத்துக்கொள்வேன். நம்ம ஊர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும். குழியின் அடிமட்டத்தில் பத்துப் பதினைந்து ஸ்டெம் செல்கள் இருக்கும். நாளுக்கு ஒருமுறை அவை இரண்டாகப் பிரியும். பிறந்தது மேலே ஏறும். ஏறும்போதே வேலை கற்றுக்கொள்ளும். விரலின் நுனிக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். அடியிலிருந்து நுனிவரை நாலைந்து நாள். அதாவது உன் குடலின் தோல் போன வாரம் இருந்தது இல்லை.

உன் நோயில் விரல்கள் தேய்ந்து தரைமட்டமாகிவிடும். ஸ்டெம் செல்கள் சும்மா இருக்காது. இழந்ததை ஈடுகட்ட இன்னும் வேகமாகப் பிரியும். குழி ஆழமாகும். உன் நவம்பர் ரிப்போர்ட்டில் அதுதான் இருந்தது, மேலே தட்டை, கீழே ஆழம். உன் உடம்பு வேலை செய்யவில்லை என்று இல்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறது. எதுவோ உள்ளே போய் அதை இடிக்கிறது. அந்த எதுவோ கோதுமை. அதனால்தான் கத்தினேன். கத்தியதற்கு மன்னிப்பு கேட்கிறேன், சந்தேகத்துக்கு இல்லை.

ஒன்று செய். பத்து நாள், வாயில் படும் எல்லாவற்றையும் எழுது. இங்கே நாங்கள் அப்படித்தான், எழுதாதது நடக்காதது.

சரத்

பி.கு. வரவில்லை என்று கோபப்படாதே. எலியின் குடலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஜெல்லில் வளர்க்கிறேன். குட்டிக் குட்டிக் குடல் உருண்டைகள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல் எதுவும் அதற்குத் தெரியாது.


ஆண்டர்சன்பேட்டை
30 ஜூன்

சரத்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வயிற்றுக்குள் இருக்கிற குடலைப் பார்க்க வராத தம்பி, டப்பாவுக்குள் இருக்கிற குடலுக்குச் சோறு போடுகிறான் என்று ரகுவிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு நாள் சிரிப்பு.

ஆனால் உன் ஷாஃப்ட் தப்பு. அப்பா கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினார், ஷிப்ட் முடிந்ததும் ஏறி வந்தார், மறுநாள் மறுபடி இறங்கினார். உன் செல்கள் ஏறினால் ஏறியதுதான், மேலே போனது விழுந்துவிடுகிறது. ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்துச் செல் என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அது பொருத்தம். வாழையில் நடுவிலிருந்துதான் புது இலை சுருண்டு வருகிறது, வெளியிலிருப்பது காய்ந்து தொங்குகிறது. வாழை யாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

அப்புறம் கேள்விகள். ஷாஃப்டின் வாயில் டோக்கன் பலகை இருந்தது என்று அப்பா சொல்வார். எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்று அதைப் பார்த்தால் தெரியும். நுனியில் ஒன்று உதிர்ந்தது அடியில் இருக்கும் குருத்துக்கு எப்படித் தெரிகிறது? குழியிலிருக்கும் குருத்து எல்லாம் ஒருநாள் செத்துப்போனால்? மேலே போனதில் ஒன்றுகூடத் திரும்பி இறங்குவதில்லையா?

பத்து நாளும் எழுதினேன். தனித் தாளில் இருக்கிறது. சொல்லப்போனால் ஒரே நாள்தான், பத்து முறை. காலையில் களி அல்லது இட்லி. மதியம் சோறு, புளிக்குழம்பு அல்லது ரசம், ஒரு பொரியல். ராத்திரி சோறு. ஊறுகாய் நானே போட்டது. டீ இரண்டு. கோதுமை தொட்ட கரண்டியையும் வாணலியையும் டிசம்பரிலேயே பிரித்துவிட்டோம். என்னுடையதில் ரகு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

சரோஜம்மா அத்தையைப் பற்றி உனக்கு இருக்கும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள். என் கல்யாணத்தில் அவர் உன்னை எச்சில் இலை எடுக்கச் சொன்னதை நீ மறக்கவில்லை என்று தெரியும். அவர் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கீழே மளிகைக் கடையை ரகுவிடம் விட்டுவிட்டு மாடி ஏறி வருவார். முழங்கால் வலியோடு. கையில் ஒரு டம்ளர் மோர், உப்பும் பெருங்காயமும் கரைத்தது. நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார். "இன்னாம்மா, வவுறு இன்னிக்காவது அடங்கிச்சா?" என்பார். மருமகள் இளைத்தால் மாமியாரைத்தான் ஊர் பேசும் என்ற பயமும் அதில் இருக்கலாம். இருந்தாலும் அம்மா போனபிறகு எனக்காக யாரும் மாடி ஏறியதில்லை.

நளினி


பெங்களூர்
7 ஜூலை

அக்கா,

நல்ல கேள்விகள். எங்கள் குழுவிலும் கேட்டேன்.

டோக்கன் பலகை கிடையாது. அடியிலிருந்து தள்ளுவதும் நுனியில் உதிர்வதும் சேர்ந்துதான் எண்ணிக்கை சரியாகிறது. யாரும் எண்ணுவதில்லை, ஆனாலும் சரியாக வருகிறது. குருத்தெல்லாம் செத்தால் என்ன ஆகும் என்று கேட்டாயே. கதிர்வீச்சு பட்டால் அப்படி நடக்கும். அப்போது பாதி வழி ஏறிப் போன சில செல்கள் திரும்பி இறங்குகின்றன. கற்ற வேலையை மறந்து மறுபடி குருத்தாகின்றன. உண்மைதான், கதை இல்லை. வாழைக்குத் தெரியாதது குடலுக்குத் தெரியும்.

உன் பட்டியலைப் பார்த்தேன். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது அக்கா. பத்து நாளில் ஒரு பிஸ்கட், ஒரு வடை, பக்கத்து வீட்டுக் கேசரி எதுவும் இல்லை. இப்படி யாராலும் இருக்க முடியாது. இப்படி இருந்தால் உன் எண் குறைந்திருக்க வேண்டும். நான் என்ன நினைக்கட்டும், நீயே சொல்.

எரிச்சலில் எழுதுகிறேன். மூன்று வாரமாக உருண்டைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. டீனா என்று ஒரு ஜூனியர், இந்த வருஷம்தான் சேர்ந்தாள். கை சுத்தமில்லை. கேட்டால் எல்லாம் சொன்னபடிதான் செய்தேன் என்று அழுகிறாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

சரத்


பெங்களூர்
16 ஜூலை

அக்கா,

பதில் வரவில்லை. பாபு அண்ணன் வெறும் கையை விரித்துக் காட்டினார்.

டீனா சொன்னது உண்மை. தப்பு அவளுடையது இல்லை. தீனிக் கரைசலுக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டில் ஒன்று மூலையிலேயே இருக்கும். லேபிள் ஈரத்தில் எப்போதோ கழன்றுவிட்டது. எப்போதும் அங்கே இருப்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அதைத் தூக்கிப் பார்த்ததும் டீனாதான். அடியில் பாத்திரம் கழுவுகிற மருந்து. யாரோ கழுவும் பாட்டிலை அங்கே மாற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு வாரம் எங்கள் கையாலேயே ஊற்றியிருக்கிறோம். புதிதாக வந்ததை எல்லாம் சோதித்தேன், பழகியதைச் சோதிக்கவில்லை.

டீனாவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்டேன். அவள் "பரவால்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகத்தில் இல்லை.

உன் பட்டியலை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பொய்யாக எழுதுகிறவள் "ஊறுகாய் விரலில் பட்டது, நக்கினேன்" என்று எழுதமாட்டாள். இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சரத்


ஆண்டர்சன்பேட்டை
28 ஜூலை

சரத்,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் பாட்டில்தான் எழுத வைத்தது.

லேபிள் இல்லாத பாட்டில் என்று படித்ததும் எங்கள் சமையலறைக்குப் போய் நின்றேன். பத்தொன்பது டப்பா. ஒன்றில்கூட லேபிள் இல்லை. மளிகைக் கடைக்காரர் வீட்டில் யாரும் பாக்கெட் வாங்குவதில்லை. மூட்டையிலிருந்தும் தகரத்திலிருந்தும் அளந்து மேலே வருகிறது. நாங்கள் எதைச் சாப்பிடுகிறோம் என்பது கீழே கடையில் எழுதியிருக்கும், மாடியில் எழுதியிருக்காது. பட்டியலில் நான் எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள்தான்.

மிளகாய்த்தூள், தனியா எல்லாம் நாங்களே அரைப்பது. ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். நான்கு நாள் ஆனது. படிக்கக் கிடைத்தால் பொட்டலத் தாளையும் விடமாட்டேன் என்று சின்ன வயதில் என்னைக் கேலி செய்வாயே. வியாழக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். பச்சரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்க ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார்கள். எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் கோந்து, கோதுமை மாவு. பெருங்காயம் கடைசியில்.

அட்டையை இழுத்தேன். மூட்டை சரிந்தது. ரகு ஓடி வந்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதை மறுபடி படித்தோம்.

உனக்குப் புரிந்திருக்கும். பெரிய கட்டியாக வருவதை அத்தைதான் உடைத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவார். வீட்டுக்கும் அதிலிருந்துதான். ரசத்தில் ஒரு சிட்டிகை, குழம்பில் ஒரு சிட்டிகை. அதுபோக எனக்கென்று மதிய மோரில் சுண்டைக்காய் அளவு. வலி அதிகமான நாளில் அவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தார். வயிற்றுக்கு நல்லது என்று. நான் இளைக்க இளைக்கக் கட்டி பெரிதானது.

பெருங்காயத்தை யாராவது சாப்பாடு என்று நினைப்பார்களா? நான் அதைப் பட்டியலில் எழுதவே இல்லை. கடிதத்தில் எழுதினேன், அதுவும் பாசத்தைச் சொல்ல.

நளினி


பெங்களூர்
31 ஜூலை

அக்கா,

கவரை ரோட்டிலேயே பிரித்துப் படித்தேன். பாபு அண்ணன் பயந்துவிட்டார்.

நீ ஜூன் முப்பதில் எழுதியிருந்தாய். மோர், பெருங்காயம். மூன்று முறை படித்தேன், வழுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நம் வீட்டிலும் அம்மா அதைத்தான் கொடுப்பார் என்பதால் கண்ணில் படவே இல்லை.

இன்றே டாக்டருக்குப் போன் செய். குழாய் பரிசோதனையைத் தள்ளி வைக்கச் சொல், அதற்கு முன் ரத்தம் பார்க்கட்டும். ஐந்து நாளில் ஆறிவிடும் என்று நினைக்காதே. ஐந்து நாள் என்பது ஒரு செல்லின் கணக்கு. தேய்ந்த விரல் நிமிர மாதக் கணக்காகும்.

நீ பொய் சொல்கிறாய் என்றேன். அதற்கு இந்தத் தாளில் இடம் போதாது.

சரோஜம்மாவிடம் சொன்னாயா?

சரத்


ஆண்டர்சன்பேட்டை
6 அக்டோபர்

சரத்,

முதலில் செய்தி. ரத்தப் பரிசோதனையின் எண் வந்துவிட்டது. முன்பு இருந்ததில் கால்வாசி. டாக்டர் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. எடை நாற்பத்து நான்கு. ரகு பழைய ரவிக்கைகளைத் தையல்காரரிடம் பிரிக்கக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறார்.

அத்தையிடம் சொன்னாயா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். நான் பதில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்.

அட்டையைப் படித்த பிறகு எட்டு நாள் சொல்லவில்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் எனக்கென்று தனியாகத் தாளித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மோர் வரும். "அப்புறம் குடிக்கிறேன் அத்தை" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். அவர் படி இறங்கியதும் மொட்டைமாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். சாயங்காலம் காலி டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "இப்போ தேவலாம்" என்பேன். அவர் முகம் மலரும். நான் சொல்லாத பொய்க்கு நீ என்னைத் திட்டினாய். அந்த எட்டு நாளும் சொன்ன பொய்க்கு என்னை யாரும் திட்டவில்லை.

எட்டாம் நாள் கடையில், வெங்கடம்மா என்று கன்னடக்காரப் பெண் ஒருவர் தன் மகனை அழைத்து வந்திருந்தார். வயிறு உப்பி, கை கால் குச்சியாக இருந்தான். எங்கள் அத்தை அவரிடம், "எம்மருமவளுக்கும் இப்டிதான் இருந்திச்சி. மோர்ல இதைக் கரைச்சிக் குடு, பாரு" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்து, காசு வேண்டாம் என்றார். அந்தப் பையனுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. என் நோயாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கை மூடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். வெங்கடம்மா போனதும் அட்டையை எடுத்து வந்து அத்தை முன்னால் வைத்தேன்.

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தார். கோதுமை என்பதற்கு வந்ததும் விரல் நின்றது.

நான் உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். விரல்கள், குழி, அடியில் இருக்கும் குருத்து, ஐந்து நாளில் புதிதாகிறது, புதிதானதை மறுபடி இடிக்கிறது, எல்லாம். அவர் நோய் எப்படி என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எட்டு நாளா இன்னா பண்ண அந்த மோர?"

சொன்னேன்.

"என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வெச்சிக்கினியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் தராசை ஒருமுறை துடைத்தார். அப்புறம் கட்டி வைத்திருந்த எல்லாப் பொட்டலத்தையும் பிரித்து ஒரு தகரத்தில் கொட்டி, வெளியே "கோதுமை கலந்தது" என்று என்னைப் பெரிதாக எழுதச் சொன்னார். தமிழிலும் கன்னடத்திலும். அன்றைக்கு ரகு இரண்டு முறை மாடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் படியில் காலடி கேட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. டம்ளரை நீட்டினார். மோர், உப்பு, மேலே சீரகம் மிதந்தது. வாங்கினேன். அவர் போகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நின்றார். "குடி" என்றார். குடித்தேன். டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அஞ்சி நாளுன்னு சொன்னியே. இன்னிக்கி மொத நாளுன்னு வெச்சிக்க."

உள்ளே அது அப்படி நடக்காது, மாதக் கணக்காகும் என்று நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சரத், சில கணக்கை உன் மைக்ரோஸ்கோப்பால் திருத்த வேண்டாம் என்று தோன்றியது. இரண்டாம் நாளும் வந்தார், நின்றார், டம்ளரைக் கவிழ்த்தார். மூன்றாம் நாள் கவிழ்க்கவில்லை, ஆனால் நின்றார். ஐந்து நாளும் நின்றார்.

நீ தீபாவளிக்கு வருகிறாய் என்று பாபு அண்ணன் சொன்னார். உருண்டைகளை டீனா பார்த்துக்கொள்வாளாமே. நல்லது. பாதி வழி ஏறியதும் திரும்பி இறங்கும் என்று நீதானே எழுதினாய்.

ஆறாம் நாள் அத்தை டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, குடிக்கிறேனா என்று திரும்பிப் பார்க்காமல் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

நளினி